தூர் அண்ணனுக்கு, மண் எனக்கு

தொண்ணூற்றைந்தில் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது ஏரிப் பாசன நிலமும் கிணறும் அண்ணனுக்குப் போயின. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒன்றுமே இல்லையா என்று நாலு பேர் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஊருக்குத் தெற்கே கரட்டுக் குன்றை ஒட்டியிருந்த மூன்று ஏக்கரை என் தலையில் கட்டினார்கள். செம்மண்ணும் சுக்கான் கல்லும் கலந்த மேடு. வானம் பார்த்த பூமி என்று சொன்னால்கூட அதற்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று தலையைத் திருப்பிக்கொள்வார்களே, அந்த மாதிரி நிலம். திருப்பிக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அதில் மரங்கள் இருந்தன. வெள்வேல், உசிலை, நாலைந்து வேம்பு. பாகத்துக்கு ஒரு மாதம் முன்னால் அண்ணன் அத்தனையையும் வெட்டி விற்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் மரம் விற்பதில் ஒரு வழக்கம் உண்டு. மரம் வாங்குகிறவருக்குத் தரைக்கு மேலே இருப்பது மட்டும்தான் சொந்தம். வெட்டியபின் மிஞ்சும் அடிக்கட்டையும் அதன் வேர்முண்டும் சேர்ந்ததைத் தூர் என்போம். அதற்குப் பேச்சு தனி, விலை தனி, வாங்க வருகிற ஆளும் வேறு. செங்கல் சூளைக்காரர்கள் தூரை விரும்பி வாங்குவார்கள். மெதுவாக, நின்று எரியும். அண்ணன் விவரமான ஆள். இரண்டு வருஷம் போனால் விலை ஏறும் என்று தூரை மட்டும் விற்காமல் நிறுத்திக்கொண்டார். பாகப் பத்திரம் எழுதிய மாமாவிடம் சொல்லி, நிலம் தங்கைக்கு, நிலத்திலுள்ள தூர்கள் அண்ணனுக்கு என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வெட்டிப்போட்ட கட்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு வரி பத்து வருஷம் என் பிராணனை வாங்கியது.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஊரில் எல்லோருக்கும் நான் சத்துணவு டீச்சர். என் வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டினார். போனால் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அதனால் நிலம் என் பொறுப்பு. முதல் ஆடியில் சோளமும் துவரையும் போடலாம் என்று ஏர்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுற்றிப் பார்த்தார். இவ்வளவு தூர் இருக்கிற நிலத்தில் கலப்பையை இறக்கினால் கொழு உடையும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். அடுத்த மாதம் என்றார். அப்புறம் தீபாவளி கழியட்டும் என்றார். அப்புறம் பொங்கல் கழியட்டும் என்றார். கடைசியில், உனக்கு அவசரமென்றால் நீயே ஆள் வைத்துத் தோண்டிப் போடு, நான் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நான் கூலி கொடுத்துத் தோண்ட வேண்டுமாம், அவர் வந்து அள்ளிக்கொண்டு போவாராம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த நிலம் எப்படிப் போனாலும் சரி, ஒரு தூரையும் தொட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு சில பேர் என்னைப் பெரிய இயற்கைப் பிரியை என்று பேச ஆரம்பித்தார்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்தக் காடு அண்ணனுடைய பேராசையிலும் என்னுடைய வீம்பிலும் முளைத்தது.

ஐப்பசி மழைக்கே தூர்கள் துளிர்த்திருந்தன. வெட்டு வாயின் விளிம்பைச் சுற்றி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து பதினைந்து, இருபது என்று துளிர்கள். அடுத்த சித்திரையில் அவை என் இடுப்புக்கு வந்துவிட்டன. அதே வருஷம் ஊர்ச் சாலை ஓரத்தில் விழா எடுத்து, நாற்காலி போட்டு, மைக் வைத்து நட்ட கன்றுகளில் ஒன்றுகூட அந்தச் சித்திரையைப் பார்க்கவில்லை. கூண்டுகள் மட்டும் நின்றன. யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை. கன்று என்றால் காயும் என்று பழகிவிட்டார்கள். நர்சரிக் கன்றுக்கு வேர் ஒரு சாண் இருக்கும். என் துளிருக்கோ சுக்கான் பாறை இடுக்கில் எத்தனையோ வருஷமாக இறங்கிப் போன வேர் தயாராக இருந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை, கூண்டு தேவையில்லை, விழாவும் தேவையில்லை. ஆனால் போட்டோ எடுக்க முடியாது, அதனால் அதற்குப் பெயர் புதர்.

அந்தப் புதருக்கு முதலில் வந்த விருந்தாளி ஆடுகள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் நிலத்தில் ஒரு மந்தையே நின்றது. ஓட்டி வந்தவள் கரட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. எனக்கு ஒரு வயது மூத்தவளாகவோ இளையவளாகவோ இருப்பாள், இன்றைக்குவரை அது தீரவில்லை. இரண்டு பேரும் ஊர் கேட்கச் சண்டை போட்டோம். அவளுடைய வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமே இல்லை. கடைசியில் அவள் ஒரு பேரம் பேசினாள். ஒரு தூரில் இருபது துளிரையும் விட்டால் எல்லாம் விரலளவில் நின்று புதராகவே கிடக்கும். நேராக நிற்கிற இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தால் அந்த இரண்டும் மரமாகும். கழித்த தழை அவள் ஆட்டுக்கு; அதற்குப் பதிலாக ஆட்டை உள்ளே விட மாட்டாள். தழைக்காகக் கதை விடுகிறாள் என்று நினைத்து, ஒரு வரிசையில் மட்டும் செய்து பார்க்கச் சொன்னேன். அடுத்த வருஷம் அந்த வரிசை மற்றதைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக நின்றது. அதற்கப்புறம் அவளிடம் நான் அந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை.

நானே செய்த முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. வண்டிப்பாதை ஓரமாகச் சூரை முள்ளும் காரை முள்ளும் பின்னிக்கொண்டு கிடந்தன. ஊர் சிரிக்கிறது, அந்த முள்ளையாவது வெட்டிச் சுத்தமாக வை என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆள் வைத்து வெட்டினேன். உள்ளே பார்த்தால் பறவைகள் எச்சமிட்டுப் போட்ட விதையில் முளைத்த வேப்பங்கன்றுகள், பதினொன்று. என் முழங்கால் உயரம். அடடா, முள்ளுக்குள் மூச்சுத் திணறிக் கிடந்ததே, இனி நிம்மதியாக வளரட்டும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாலு நாளில் பாதையில் போன மாடும் ஆடும் பதினொன்றையும் மொட்டையடித்துவிட்டன. ஆட்டுக்காரிதான் வந்து சொன்னாள். மெத்துமெத்தென்று கிடப்பதை யார்தான் தின்ன மாட்டார்கள், வேலியைப் பிரித்துப் போட்டது நீதானே என்று கேட்டாள். அந்த முள் கன்றுகளுக்குச் சிறை இல்லை, காவல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு முள்ளையும் நான் வெட்டவில்லை, ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாறு வருஷத்தில் நிலம் மாறிவிட்டது. உசிலையும் வெள்வேலும் என் கைக்கு எட்டாத உயரம் போயின. நடுவில் ஆவாரையும் விராலியும் தாமாக வந்தன, யாரும் விதைக்கவில்லை. மர நிழலில் கொழுக்கட்டைப் புல் படர்ந்தது. முதல் மழைக்குச் சிவப்புப் பட்டுத் துணியைக் கிள்ளிப் போட்ட மாதிரித் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்தன. அவற்றை நான் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. கௌதாரி குஞ்சு பொரித்தது. முள்ளெலி வந்தது. ஒரு வெள்வேலின் அடிப் பொந்தில் உடும்பு குடியிருந்தது. என்னைப் பார்த்தால் அது நகரக்கூட நகராது, அதற்கு என்மேல் அவ்வளவுதான் மரியாதை. காலுக்கடியில் சருகு மெத்தையாகக் கிடந்தது. சருகை விலக்கினால் கறுப்பு மண். அந்த மேட்டில் கறுப்பு மண் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெருமழை பெய்த ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். பக்கத்துக் கரட்டிலிருந்து வந்த தண்ணீர் செக்கச்செவேலென்று, மண்ணை அள்ளிக்கொண்டு ஓடியது. என் நிலத்திலிருந்து வந்தது கொஞ்சமாக, டிக்காஷன் நிறத்தில், மெதுவாகக் கசிந்து வந்தது. எனக்கு நிலத்தைப் பற்றிப் படித்த அறிவு ஒன்றும் இல்லை. இரண்டு தண்ணீரையும் பார்க்கக் கண் இருந்தது.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் பொய். மயில் வந்தது, காட்டுப்பன்றி வந்தது. என் நிலத்துக்குக் கீழே சின்ன வெங்காயம் போடுகிற ஒருவர் இருந்தார். பன்றி கிளறிவிட்டது, பாம்பு வருகிறது என்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவரே அறுவடை முடிந்து வெங்காயம் சேர்த்து வைக்கப் பட்டறை போடும்போது, காற்று போகிற மாதிரி பக்கவாட்டில் கட்டுவதற்கு நேரான குச்சி வேண்டும் என்று என்னிடம்தான் வருவார். நாங்கள் கழித்துப் போடுகிற குச்சி அதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். அவர் மட்டுமா, கீழ்க்காட்டில் பாதிப் பட்டறை என் குச்சியில்தான் நின்றது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தபோது, சோளம் கதிர் வைக்காமல் வெறும் தட்டையாகக் காய்ந்த அந்தக் கோடையில், என் உசிலை பச்சையாக நின்றது. ஆட்டுக்காரி அந்தத் தழையில்தான் தன் மந்தையை விற்காமல் காப்பாற்றினாள். வெங்காயக்காரர் கிணற்றில் மற்றக் கிணறுகளைவிடச் சில வாரம் கூடுதலாகத் தண்ணீர் இருந்தது. அது என் காட்டால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இல்லை என்று சத்தியம் செய்ய அவராலும் முடியவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் எங்கள் ஊருக்குக் காட்டாமணக்கு வந்தது. அதன் விதையில் டீசல் எடுக்கலாம், தரிசு நிலமெல்லாம் எண்ணெய்க் கிணறாகப் போகிறது என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். திட்டத்தை விளக்க வந்திருந்தவர் நன்றாகத்தான் பேசினார். ஊருக்குத் தெற்கே இருக்கிற கரட்டுப் புறம்போக்கும் அதை ஒட்டிய முள் நிலங்களும் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கின்றன, அவற்றைச் சுத்தமாகத் தள்ளிவிட்டு ஒரே பரப்பாக நட்டால் ஊருக்கு வருமானம் என்றார். காட்டாமணக்கின் பெரிய சிறப்பு ஆடு தின்னாது என்றார்.

பின்னாலிருந்து ஆட்டுக்காரி எழுந்தாள். "ஆடு திங்காததை நட்டுட்டு, ஆட்டை எங்க சார் ஓட்டறது?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து, கரட்டில் இருப்பது ஒன்றுக்கும் உதவாத முள் இல்லை, வெட்டுப்பட்டுத் திரும்ப வருகிற காடு, ஆடு கடிக்காமல் நாலு வருஷம் விட்டால் என் நிலம் மாதிரி ஆகும், வேண்டுமானால் எல்லோரும் இப்போதே நடந்து வாருங்கள், காட்டுகிறேன் என்றேன். காடு என்றால் பெரிய மரம் இருக்க வேண்டும் அம்மா என்று அவர் பொறுமையாகச் சொன்னார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரியான அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. மழை குறைந்த மண்ணில் காடு குள்ளமாகத்தான் இருக்கும், முள்ளோடுதான் இருக்கும், அது அதனுடைய குறை இல்லை என்றேன். என் குச்சியில் பட்டறை போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெங்காயக்காரர் தன் துண்டை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்தில் பொக்லைன் வந்து கரட்டைச் சவரம் செய்தது. காரை, சூரை, வேருக்கு வேர் துளிர்த்துக்கொண்டிருந்த வெள்வேல், எல்லாவற்றையும் புரட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். புகை ஊருக்குள் இரண்டு நாள் நின்றது. என் நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பரப்பு நேராக வரும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

அப்போதுதான் அண்ணன் வந்தார். தூருக்கு நல்ல விலை வந்திருக்கிறதாம், சூளைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். மிஷினும் ஊரிலேயே நிற்கிறது. தூரை அவர் எடுத்துக்கொள்வார், சுத்தமான நிலத்தை நான் காட்டாமணக்குக்குக் கொடுக்கலாம், இரண்டு பேருக்கும் லாபம் என்றார். முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பைக்குள்ளிருந்து பத்திரத்தின் நகலை எடுத்து அந்த வரியைக் காட்டினார்.

"உன்னைக் கேக்கணும்னுகூட இல்ல. தங்கச்சியாச்சேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்" என்றார்.

மாமாவிடம் ஓடினேன். பத்திரம் எழுதிய அதே மாமா. அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, தூர் அவனுடையதுதான் அம்மா, காலக்கெடு ஒன்றும் எழுதவில்லையே என்றார். தூர் அவருடையது என்றால் அதன்மேல் பத்து வருஷமாக வளர்ந்து நிற்கிற மரம் யாருடையது என்று கேட்டேன். தூர் இல்லாமல் மரம் எப்படி வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். வழக்குப் போடலாம், ஆனால் வழக்குக்குத் தேதி கிடைப்பதற்குள் நிலம் மொட்டையாகிவிடும் என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் நான் அழுதேன். நிலம் போகாது, எனக்குத் தெரியும். சருகும் கறுப்பு மண்ணும் உடும்பும் போகும். அந்த மூன்று ஏக்கரை மறுபடியும் பத்து வருஷம் காக்க எனக்குத் தெம்பு இருக்காது என்றும் தெரியும்.

அண்ணன் நாள் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றபோது, நான் முட்டை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டுக்காரி பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். "மிஷின் உள்ள எறங்கிடுச்சு டீச்சர்" என்றாள். சமையல்காரம்மாவிடம் முட்டைச் சட்டியைக் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். அதற்காகப் பிறகு மேலதிகாரியிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், அது வேறு கதை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மரம் போய்விட்டது. இருந்ததிலேயே பெரியது, உடும்பு குடியிருந்த வெள்வேல். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது, வெள்ளைப் பட்டை உரிந்திருந்தது. ஆனால் ஒரு மரத்துக்கே மிஷின் திணறியிருந்தது. வேர் சுக்கான் பாறைக்குள் போய்ப் பிடித்துக்கொண்டிருந்ததால் வாளியின் பல் ஒன்று வளைந்துவிட்டது என்று டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணன், சூளைக்காரர், வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பேர். வெங்காயக்காரரும் நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிஷினுக்கு முன்னால் போய் நிற்கலாம் என்று நினைத்துத்தான் நடந்தேன். பிடுங்கிப் போட்ட தூரின் பக்கமாகப் போக வேண்டியிருந்தது. அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதைக் கடந்து போன நான் திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. தொண்ணூற்றைந்தில் வெட்டிய அந்த வாயில் பத்து வருஷ மழை இறங்கியிருக்கிறது. அண்ணன் காத்து வைத்த பழைய கட்டை மக்கி, கரையான் தின்று, பொடிப்பொடியாகக் கிடந்தது. அந்தப் பொந்தில்தான் உடும்பு இருந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி வளர்ந்த புது மரமும் அது விட்ட புது வேரும்தான் இத்தனை நாள் நின்றிருக்கின்றன. காலால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு கூடைப் பொடி உதிர்ந்தது.

சூளைக்காரரைக் கூப்பிட்டேன். "ஐயா, நீங்க வாங்குனதை வந்து பாருங்க" என்றேன்.

அவர் வந்தார். கையை உள்ளே விட்டுப் பொடியை அள்ளினார், முகர்ந்தார், உதறினார். தொழில் தெரிந்தவர். டிரைவரிடமிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு போய் அடுத்த மரத்தின் அடியில் ஓங்கிக் குத்தினார். கடப்பாரை பிடி வரைக்கும் இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று. ஆறேழு தூர்களைக் குத்திப் பார்த்தார். ஒன்றிரண்டு கெட்டியாக இருந்தன, மற்றதெல்லாம் கூடு. அண்ணனிடம் திரும்பி வந்து, இதில் சூளைக்குத் தேறுகிற கட்டை இல்லை என்றார். சுற்றி இருப்பது பச்சை, வாரக்கணக்கில் காய வைத்தாலும் மெல்லிசு. மிஷினுக்கு ஊற்றுகிற டீசலுக்குக்கூடக் கட்டாது என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அங்கேயே கேட்டார்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. பத்திரத்தில் தூர் தன்னுடையது என்றுதான் இருக்கிறது என்று மறுபடியும் சொன்னார்.

"பத்திரத்துல இருக்கிற தூரைக் கரையான் தின்னுடுச்சுண்ணே. போய்க் கரையானைக் கேளுங்க" என்றேன். "இப்ப நிக்கிறது நீங்க வித்த மரமும் இல்ல, நீங்க வச்ச தூரும் இல்ல. இது நான் விட்டு வச்சது. இன்னொண்ணுல கை வச்சீங்கன்னா, அண்ணன்னு பாக்க மாட்டேன்."

அப்போது வெங்காயக்காரர் மெதுவாக முன்னால் வந்து, டிரைவரிடம், வண்டியை எடுப்பா, அந்தம்மா பிள்ளைங்களுக்குச் சோறு போடணும் என்றார். கூட்டத்தில் பேசாதவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மிஷின் வெளியேறியது.

அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. முதல் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. கூடப் பிறந்தவர் சீர் கொண்டுவராமல் இருப்பது எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குச் சமம். எனக்கு வலித்தது. ஆனால் போய்ச் சமாதானம் பேசவில்லை. பேசினால் மறுபடியும் மண்ணையும் தூரையும் பிரிக்க உட்காருவார்கள் என்று பயம்.

பக்கத்துக் கரட்டில் நட்ட காட்டாமணக்கு முதல் மழையில் நன்றாகத்தான் வந்தது. அடுத்த கோடையில் பாதி காய்ந்தது. நின்ற பாதியில் காய் பிடிக்கவில்லை, பிடித்ததைப் பறிக்க ஆள் வரவில்லை, வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர்களும் வரவில்லை. சுத்தம் செய்த மண்ணில் மழைத்தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு ஓடி வெங்காயக்காரர் வரப்பை இரண்டு இடத்தில் உடைத்தது. நான் அப்போதே சொன்னேன், கேட்டீர்களா என்று யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது உண்மை. ஆட்டுக்காரி எனக்கும் சேர்த்துத் தெருத் தெருவாகக் கேட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஏழு பொங்கலுக்கு அண்ணன் வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, எனக்குப் புடவை. என் வீட்டுக்காரர்தான் பேச்சைத் தொடங்கி வைத்தார், காப்பி குடித்தோம், எல்லோரும் விலைவாசியைப் பற்றிப் பேசினோம். புறப்படும்போது அண்ணன், அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். இரண்டு பேரும் போனோம். மரங்களுக்கு நடுவில் அவர் என் பின்னால்தான் வந்தார், வழி அவருக்குத் தெரியவில்லை. முள் அவர் வேட்டியைப் பிடித்தபோது திட்டாமல் குனிந்து எடுத்துவிட்டுக்கொண்டார்.

வெள்வேல் பிடுங்கிய குழியை நான் மூடவில்லை. மூடத் தோன்றவில்லை. அதன் ஓரத்தில் வந்து நின்றோம். குழிக்குள் சருகு நிரம்பியிருந்தது. சுற்றி, மிஷின் அறுத்துவிட்டுப் போன வேர்முனைகள் மண்ணுக்குள் எங்கெங்கே இருந்தனவோ அங்கெல்லாம் வெள்வேல் கன்றுகள் தலையெடுத்திருந்தன. சில என் தோள் வரைக்கும் வந்துவிட்டன. அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"தூரைத்தான் எடுத்தாச்சே. இதெல்லாம் எங்கேருந்து வருது?" என்று கேட்டார்.

"அறுந்த வேர்லேருந்து" என்றேன்.

அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். எதற்காக எண்ணினாரோ, பழக்கதோஷமாக இருக்கலாம். ஏழு வந்தது.

"ஏழும் என்னுதுண்ணே" என்றேன்.